சலவைக்கூடத் தேர்தல்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் துணியைக் கையில் எடுத்தால் கண் முதலில் மூலைக்குத்தான் போகும். அங்கே அழியாத மையில் ஓர் எண் இருக்கும். எந்த வார்டிலிருந்து வந்ததோ அந்த வார்டு வண்டியிலேயே துணியைத் திருப்பிப் போட வேண்டும். நல்லதா கிழிசலா என்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். அங்கே வேலை பார்க்கும் நூற்றிருபது பேருக்கும் இது கையோடு ஊறிய பழக்கம். சங்கச் செயலாளன் மைக்கு இந்தப் பழக்கத்தை அப்படியே மனிதர்கள்மேல் திருப்பிவிட்டான்.

மைக்கு என்பது பட்டப்பெயர். நாலு பேர் நின்றாலே ஒலிபெருக்கி கேட்கிற ஆள். முப்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் வீடு வாசல் போய், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களில் பதினெட்டு பேர் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். “வந்தவங்க நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போடறாங்க” என்று மைக்கு தினமும் ஓதினான். ஓத ஓதச் சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று நிர்வாகம் இஸ்திரி ரோலரில் கை சிக்காமலிருக்க வைத்த தடுப்புக் கம்பியைக் கழற்றியதும், மூன்று பேருக்குக் கை வெந்ததும் யாருக்கும் ஞாபகமே இல்லை. சங்கத் தேர்தலில் இந்த முறையும் தான் ஜெயித்தால், அந்தப் பதினெட்டு பேரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் பட்டியல் கொடுப்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

பதினெட்டில் ஒருத்தி, இஸ்திரி ரோலரில் வேலை பார்த்ததால் எல்லோரும் ரோலர் அக்கா என்று கூப்பிட்டவளின் நாத்தனார். அக்கா இக்கரை, கட்டிக்கொண்டது அக்கரைக் குடும்பத்தில். கணவன் செத்து ஆறு வருடமாக இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ரோலரின் இந்தப் பக்கம் அக்கா விரிப்பைச் செருகுவாள், அந்தப் பக்கம் நாத்தனார் இழுத்து வாங்குவாள். வெந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி. வலது கையில் மூன்று விரல் மடங்காது. இந்த வேலை போனால் வேறு எவனும் அவளைச் சேர்க்கமாட்டான் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். 

மைக்கை வெளிப்படையாக எதிர்த்தவர்கள் மூன்றே பேர்: அக்கா, பாய்லர்காரர், கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரர். தையல்காரர்தான் வேட்பாளர். பாய்லர்காரர் தினமும் மற்றவர்களில் இரண்டு மூன்று பேரைத் தனியாக உட்காரவைத்து, வெந்த கைகளைப் பற்றியும் அந்தக் கம்பியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். எந்தக் கரையாக இருந்தாலும் சூடு ஒன்றுதானே என்பது அவர் கட்சி. அப்படி நாற்பது பேர்வரை தலையாட்டியிருந்தார்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள் பிரிப்பு மேசையில் அக்காவின் முறை. ஐந்தாம் வார்டு மூட்டையில் ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு பழைய கம்பளி கிடந்தது. மூலையைப் பார்த்தாள். வெள்ள நிவாரண முகாமின் எண். அதே மாதிரி ஒன்று அவள் மாமியாரின் பெட்டியில் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். ஐந்தாம் வார்டில் படுத்திருக்கும் மைக்கின் அம்மா பெயர் அது.

அக்கா கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு தையல் அறைக்கு ஓடினாள்.

“மாட்டினான்! இவனே வந்தவன்தான்!”

தையல்காரரின் கண் மின்னியது. அங்கே உட்கார்ந்திருந்த பாய்லர்காரரின் முகம் தொங்கிப்போனது.

“அதத் தூக்காதம்மா” என்றார் அவர். “ வந்தவங்கன்னா என்ன தப்புன்னுதான நாம கேட்டுட்டிருக்கோம்? நாமளே இவன் வந்தவன்னு கத்தினா, அது தப்புதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

“உங்க நியாயம் வேகறதுக்குள்ள என் நாத்தனா தெருவுல நிப்பா அண்ணே.”

“ஜெயிச்சாப் போதும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் தையல்காரர்.

மறுநாள் மதியம் மடிப்புக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மைக்கு வழக்கம்போல ஆரம்பித்தான். அக்கா மடிப்பு மேசைமேல் ஏறிக் கம்பளியை விரித்துப் பிடித்தாள்.

“மூலையப் படிங்கடா! யாரு வந்தவன்னு படிங்க! முப்பது வருஷமா நம்ம கூடவே இருந்து நாடகமாடியிருக்கான், வந்த பய!”

முன்வரிசை படித்தது. படித்ததைப் பின்வரிசைக்குச் சொன்னது.  மைக்கு மறுக்கக்கூட இல்லை.

“அது எங்கம்மாவுது... அவங்களுக்குக் குளிரும். குடுத்துடுங்க” என்றான்.

கூடமே சிரித்தது. யாரோ அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள். நாலு பேர் அவனைத் தூக்கி, சீழும் மலமும் படிந்த விரிப்புகள் இருந்த அழுக்கு வண்டிக்குள் போட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் கம்பளியையும் பிடுங்கி அவன் தலையில் எறிந்தான். அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். பொய் சொல்வானேன், அங்கே இருந்திருந்தால் நாமும் சிரித்திருப்போம்.

தையல்காரருக்கு நூற்றுக்கு மேல் கைகள் உயர்ந்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாத்தீங்களா, அந்த ரத்தத்தோட புத்தி! கூடவே இருந்து கழுத்தறுத்துட்டான். வந்தவங்கள நம்பவே கூடாதுன்னு அவன் சொன்னது சரிதான!”

“எங்கேருந்து வந்தாங்களோ அங்கயே திருப்பி அனுப்புங்க!”

அந்த வார்த்தை ஒவ்வொரு வரிசையிலும் பற்றிக்கொண்டது. தையல்காரர் கூட்டத்தைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்குப் போட அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மைக்கு விட்டுப்போன பட்டியலை மேசையிலிருந்து எடுத்து, அடியில் மைக்கின் பெயரையும் எழுதினார்.

“பத்தொம்பது பேரு. இன்னிக்கே நிர்வாகத்துக்குப் போகும். சம்மதம்னா கை தூக்குங்க.”

“அண்ணே, என்ன பண்றீங்க! நாம பேசினது என்ன?” என்று அக்கா மேசைமேலிருந்தே அலறினாள்.

“காட்டிக் குடுத்தது நீங்கதான அக்கா? இப்ப மாத்திப் பேசினா எப்படி?”

அக்காவும் பட்டியலில் இருந்தவர்களும் பாய்லர்காரரும் கை தூக்கவில்லை. அவரோடு தலையாட்டிய நாற்பது பேரில் ஆறு பேர் தூக்கவில்லை. மற்றக் கைகளெல்லாம் மேலே இருந்தன, வெந்து தழும்பேறிய இரண்டு கைகள் உட்பட. நிர்வாகம் ரொம்ப சந்தோஷமாகப் பட்டியலை வாங்கிக்கொண்டது. தடுப்புக் கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நாத்தனார் இடது கையால் மேலங்கியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உதவப் போனாள். அவள் விலகிக்கொண்டாள்.

“உனக்காகத்தான்டி செஞ்சேன்” என்றாள் அக்கா.

“தெரியும் அண்ணி. வந்த பயன்னு கத்தினீங்களே, அப்ப நான் எங்க இருந்தேன்னு பாத்தீங்களா?”

அக்காவுக்குத் தெரியவில்லை.

“அந்த மேசை ஆடும். நீங்க விழுந்துடக் கூடாதுன்னு கீழ உக்காந்து அதோட காலப் புடிச்சிட்டிருந்தேன்.”