அக்கா கண்ணுக்கு மட்டும் தெரிந்த பின்னூட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஓர் இணையத் தளத்தில் பெரிய விவாதம். நானும் மெனக்கெட்டு ஒரு பின்னூட்டம் எழுதினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 'நம் எழுத்து இவ்வளவுதான்' என்று நொந்துகிடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்னூட்டங்களைப் படித்துப் பார்த்து வெளியே விடுகிற மட்டுறுத்துநர் அதை நிறுத்திவைத்திருந்தார். அப்படி நிறுத்திவைத்த பின்னூட்டம், எழுதியவர் திரையில் மட்டும் வெளியானதுபோலவே தெரியுமாம். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! சண்டை போடக்கூட வழியில்லை.

2

முதல் தொடக்கம்: "அந்த மட்டுறுத்துநர் ஒரு கல்நெஞ்சக்காரி. இன்றைக்கு யார் வாயை அடைக்கலாம் என்று—"

வேண்டாம். பழிவாங்கக் கதை எழுதக்கூடாது. (எழுதலாம். தெரியும்படி எழுதக்கூடாது.)

மறுபடியும்: மட்டுறுத்துநரான தங்கை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கணவனை விட்டு ஒரே பையோடு வந்துவிட்ட அக்கா, உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணவர் இதே தளத்தில் பேர்பெற்ற எழுத்தாளர். 'என் மனைவியின் மௌனம்' என்று உருகி உருகி ஒரு கட்டுரை போட்டிருந்தார். வாசகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். காலையில் அதன் கீழே, புனைபெயரில், ஒரு பின்னூட்டம் வந்தது: "நான்தான் அந்த மனைவி. வாயைத் திறந்தால் அடி விழும். அதனால்தான் மௌனம்."

எழுதியது அக்காதான் என்று தங்கைக்குப் படித்தவுடனே தெரிந்துவிட்டது. வெளியே விட்டால் அவருடைய ரசிகர்கள் அக்காவைக் கடித்துக் குதறிவிடுவார்கள். ஆதாரமில்லாத குற்றச்சாட்டை விடாதே என்று தளத்தின் விதியும் இருந்தது. நிறுத்திவைத்தாள்.*

(* பயந்தது அவள். பழியை விதி ஏற்றுக்கொண்டது.)

அங்கேதான் தங்கைக்கு வேலை என்று அக்காவுக்குத் தெரியும். தங்கையின் விரல் அதைத் தடுத்ததே தெரியாது; அவள் போனில் அது வெளியானதுபோலவே தெரிந்தது. (நம்பும்படி இருக்கிறதா? எனக்கே சந்தேகம்தான். இருக்கட்டும்.)

3

மத்தியானம் அக்கா போனோடு வந்து நின்றாள்.

"ஏண்டி, காலையில போட்டது. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையே?"

"எல்லாரும் வேலையில இருப்பாங்கக்கா."

"திட்டக்கூட இல்லடி. திட்டியிருந்தா படிச்சாங்கன்னாவது தெரியும்."

தங்கை தம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். அது காலி என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நீ ஊரைக் கூட்டினாலும் எவனும் நம்பமாட்டான்னு அவரு அப்பவே சொன்னாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு மெசேஜ் போட்டிருக்காரு. போயிடுறேன்."

"என்னக்கா பேசுற நீ!"

"உனக்கும் எத்தனை நாளைக்குடி பாரமா இருக்கிறது?"

அக்கா பையை எடுத்து வைத்து, மடித்த துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

4

ஒரு முடிவு எழுதினேன். தங்கை பின்னூட்டத்தை வெளியிடும் பொத்தானை அழுத்துகிறாள். ரசிகர்கள் பாய்கிறார்கள். அந்த அமளியில் யாரோ ஒரு பெண், "நான் நம்புகிறேன்" என்று எழுதுகிறாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தவன் நான். நிஜத்தில் வருவாளா? வராவிட்டால் அக்காவின் கதி என்ன? பயமாக இருக்கிறது.

இன்னொன்று: "அக்கா, அதை நிறுத்தினதே நான்தான்க்கா—" இதற்குமேல் ஓடவில்லை. அக்காவின் முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

வாசலில் அந்தக் கணவரின் வண்டி வந்து நிற்பதாக முடிக்கலாம். மாட்டேன்.

5

இதுவரை எழுதியதை அந்தத் தளத்திலேயே போட்டுவிட்டேன். என் திரையில் பளிச்சென்று தெரிகிறது. காலையிலிருந்து பார்க்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

இது உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் ஏதாவது சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.