ஆட்டோபைலட்டும் ஒரு கூடைப் பட்டாணியும்

மாப்பிள்ளைக்கு மாமியாரைக் கண்டாலே வாயில் பூட்டு விழுந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் "வாங்க அத்தை", "சாப்பிட்டீங்களா அத்தை" என்பதைத் தாண்டி அவன் பேசியதில்லை. அன்று மனைவி வேலைக்குப் போய்விட, வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். அவன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று டிவியில் விண்வெளிக் கப்பல் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தூரத்துக் கிரகம் ஒன்றைக் குறித்து ஆட்டோபைலட்டைத் தட்டிவிட்டான். போய்ச்சேர இருபது நிமிஷம் ஆகும் என்றது திரை.

மாமியார் பட்டாணிக் கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரு மாப்பிள்ளை ஓட்டறது?"

"அதுவே ஓட்டிக்கும் அத்தை."

"அப்ப உங்க கை சும்மாதானே இருக்கு?" என்று கூடையை நடுவில் நகர்த்தினார்.

உரித்துக்கொண்டே, மகள் சின்ன வயதில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்த கதையைச் சொன்னார். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பதிலுக்கு, அவள் கார் பழகும்போது வாசல் கேட்டை இடித்துப் பெயர்த்ததைப் போட்டுக்கொடுத்தான்.

"அடிப்பாவி! காத்துல சாஞ்சுதுன்னு என்கிட்ட சொன்னாளே!" என்று மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கப்பல் எப்போதோ போய்ச்சேர்ந்து கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை. கூடை காலியான பிறகுதான் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குள்ள வந்துட்டோமா? இன்னும் தள்ளி ஊர் எதுவும் இல்லையா? பூண்டு வேற உரிக்கணும்."

இருப்பதிலேயே தொலைவான கிரகத்தை அவன் தேடிப்பிடித்துக் குறித்தான்.