தியோடர் வீட்டுப் பெரணியின் ஏழு இலைகள்

காக்ஸ் டவுனில் தியோடர் வீட்டுக் கொல்லையில் நின்ற பெரணிச் செடியின் ஏழு இலைகளில் ஒன்று, 1934-ஆம் வருஷம் மார்ச் மாதம், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத ஒரு காலையில் சொட்டத் தொடங்கி மத்தியானம் வரை சொட்டியது. மற்ற ஆறும் காய்ந்தே இருந்தன. தியோடர் முதலில் பக்கத்து வீட்டுக் குழாயைச் சந்தேகித்தார், பிறகு தன் மனைவி ஜோசஃபின் துணி அலசிய தண்ணீரைச் சந்தேகித்தார். ஜோசஃபின் அவரையே சந்தேகித்தாள். செடிக்கென்றால் குடிதண்ணீரைக்கூட எடுத்து ஊற்றக்கூடிய மனிதர் என்பது அவளுக்குத் தெரியும்.

தியோடருக்கு அரசுத் தோட்டமொன்றில் காய்ந்த செடிகளை வகைபிரித்து அட்டையில் ஒட்டும் உத்தியோகம். அவர் மனம் போனது ஆஞ்சியோப்டெரிஸ் என்ற பெரணிப் பேரினத்தின் மேல். அதன் இலை ஒன்று ஆளைவிட இரண்டு மடங்கு நீளம். மடகாஸ்கரில் ஆரம்பித்து இலங்கை, பர்மா, மலாயா, ஜாவா என்று பசிபிக் தீவுகள் வரை பரவிக் கிடக்கிறது. இத்தனையும் ஒரே இனமா, நூறு இனமா என்று படித்தவர்களுக்குள் வழக்கு தீரவில்லை. தோட்டத்தின் மேலதிகாரி ஹெர்பர்ட் துரை, ஒன்றே என்பவர். தியோடர், குறைந்தது ஏழு என்பவர். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிஜ நரம்புகளுக்கு இடையே ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடும் மெல்லிய கோடு தெரியும். அதற்குப் பொய் நரம்பு என்று பெயர். ஒரு நாட்டு இலையில் அது ஓரத்தோடு நின்றுவிடும், இன்னொன்றில் பாதி வழி வரும், வேறொன்றில் நடுநரம்பையே தொட்டுவிடும். அதை வைத்துத்தான் அவர் ஏழு என்றார். துரை அதை வயதுக் கோளாறு என்றார், இலையின் வயதா தியோடரின் வயதா என்று சொல்லவில்லை.

இந்தப் பெரணியின் இலைக்காம்பின் அடியில், இரு பக்கமும், காது மாதிரி சதைப்பற்றான மடல் உண்டு. இலை உதிர்ந்தாலும் காது உதிராது. அதைக் கிள்ளி ஈரமண்ணில் புதைத்தால் அவசரமில்லாமல் முளைக்கும். தோட்டத்துக் கண்ணாடி வீட்டைக் காலி செய்தபோது, ஏழு நாட்டுச் செடிகளின் காதுகளைத் தியோடர் கேட்டு வாங்கி, டிபன் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே மண்ணும் ஒரே நிழலும் கிடைத்தால், ஒரே இனமாயின் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும், வேறு வேறானால் வேறாகவே நிற்கும். எனவே ஏழையும் ஒரே குழியில் நட்டார். அவை ஒரே அடித்தண்டாகச் சேர்ந்து, ஏழு விதமான ஏழு இலைகள் விட்டன. துரையும் ஜெயித்தார், தியோடரும் ஜெயித்தார்.

சொட்டிய இலையின் பொய் நரம்பைப் பார்த்தார். இலங்கை. மறுநாள் செய்தித்தாளில் கொழும்பில் காலை முதல் மத்தியானம் வரை நல்ல மழை என்று போட்டிருந்தது. ரங்கூன் இலையும் அவ்வாறே செய்தித்தாளோடு ஒத்துப்போனது. ஒவ்வோர் இலையும் தன் நாட்டு மழையைத் தன் நாட்டு நேரத்தில் சொட்டியது. தியோடர் துத்தநாகத் தகட்டில் ஊர்ப்பெயர் பொறித்து ஒவ்வொரு காம்பிலும் கட்டிவிட்டு, ஏழு இனங்கள் என்று நிரூபிக்கும் கட்டுரையை எழுத உட்கார்ந்தார். அதற்கு எட்டு வருஷம் பிடித்தது. அதற்குள் ஜோசஃபின் எந்த இலையின் கீழும் துணி உலர்த்தாமல் பழகிக்கொண்டாள்.

1941 கடைசியில் பினாங்கு எதிரி கைக்குப் போயிற்று, 1942-இல் ரங்கூனும் போயிற்று. பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஜோசஃபினின் தம்பி ஓஸ்வால்டிடமிருந்து ஒரு வரியும் இல்லை. யுத்தகாலத்தில் வானிலை ராணுவ ரகசியம் என்பதால் செய்தித்தாளில் மழையும் நின்றுபோனது. ஜோசஃபின் தினமும் பினாங்கு இலையின் கீழ் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அங்கே மழை பெய்கிறது என்றால் அங்கே இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குக் கணக்கு. விஷயம் கசிந்தது. மர்பி டவுனிலிருந்தும் ஜீவனஹள்ளியிலிருந்தும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஆள் அனுப்பிய குடும்பத்துப் பெண்கள் வந்து, தகட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நனைந்து போனார்கள்.

எதிர்வீட்டு சில்வெஸ்டர் விமானத்தாக்குதல் வார்டன், ராத்திரியில் எந்த வீட்டு விளக்கும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர். விளக்கு வெளிச்சத்தைப் பிடிக்க வந்தவருக்கு மழை அகப்பட்டது. மலாயாவில் மழை பெய்வது ரேடியோ கருவி ஒளித்து வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும் என்று போலீசுக்கு எழுதிப்போட்டார். இன்ஸ்பெக்டர் சந்தானம் வந்தார். கூரை ஓட்டைப் பிரித்தார், கிணற்றில் ஆள் இறக்கினார், பியானோவின் வயிற்றைத் திறந்தார்.

"ரேடியோ எங்கம்மா வச்சிருக்காரு?" என்று கேட்டார்.

"இந்த வீட்ல கடிகாரமே ஓடல சார்," என்றாள் ஜோசஃபின். "இவரு ரேடியோ ஓட்டறாராமா?"

சந்தானம் முறையாகச் சந்தேகிக்கிறவர். தியோடரை ஒருநாள் முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு, கொல்லையில் கான்ஸ்டபிளை நிறுத்தினார். தியோடர் இல்லாமலும் இலங்கை இலை சொட்டியது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, கண்டோன்மெண்டில் தெரிந்த ராணுவ அதிகாரியிடம் கொழும்பைப் பற்றிச் சும்மா விசாரிப்பதுபோல் விசாரித்தார். நேரம் பிசகவில்லை. இப்படியாக, பொய் என்றால் மன்னித்து விட்டிருக்கக்கூடிய விஷயம், உண்மை என்று ருசுவானதால் குற்றமாயிற்று. சனிக்கிழமைக்குள் செடியை வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் தியோடரைக் காவலில் வைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

உத்தரவைக் கொடுக்க வந்த சந்தானம் காபி குடித்தார், போகவில்லை. தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "செடியில தண்ணி சொட்டறது குத்தமில்லையே சார்," என்றார் கடைசியில். "எந்த இலை எந்த ஊருன்னு சொன்னதுதான் குத்தம். அதைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். எல்லாம் ஒரே செடிதான்னு உங்க துரையே சொல்றாராமே?"

தியோடருக்குப் புரிந்தது. கட்டுரை சுத்தப்பிரதியாக மேஜைமேல் இருந்தது. பொய் நரம்பு பொய்யில்லை, அளந்து பார்க்கலாம் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். ஜோசஃபின் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"ஏழு இனமோ ஒரு இனமோ, எனக்கு ஒண்ணு போதுங்க," என்றாள். "இந்த இலை வேணும்."

வெள்ளிக்கிழமை தியோடர் தகடுகளை அவிழ்த்தார். இந்தச் செடியின் இலைகள் அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்குள் நாட்டு வேற்றுமை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெர்பர்ட் துரை சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் உமக்குப் புத்தி வந்தது என்று கை குலுக்கினார். கட்டுரை பரணுக்குப் போனது. சில்வெஸ்டர் மட்டும் தொடர்ந்து சந்தேகித்தார். அது அவருடைய உத்தியோகம்.

பெண்களுக்குத் தகடு தேவைப்படவில்லை. அவர்கள் வந்தார்கள், யாரும் எதையும் கேட்கவில்லை, அவரவர் இலையின் கீழ் போய் நின்றார்கள். மகளை ரங்கூனில் கட்டிக்கொடுத்திருந்த சந்தானமும் சாயங்காலங்களில் சாதாரண உடுப்பில் வந்து, மதில் பக்கத்து இலையின் கீழ் சற்றுநேரம் நின்றுவிட்டுப் போவார். குடை மட்டும் கொண்டுவரக் கூடாது என்று ஜோசஃபின் சொல்லிவைத்திருந்தாள். ஒருவர் குடை பிடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மழை கிடைக்காது.