மணல் பானை மருந்து

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து இருளம்மாள் ஓடிக்கொண்டேயிருந்தாள். பஜாரில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது அவள் காதில் ஏறவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மகள் கோமதி பாட்டில் ஏற்றிக் கிடக்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளை. உதடு வெடித்து, மூச்சு இரைக்கிறது. ஆறு வயசில் வந்த சர்க்கரை அது. ஒரு வேளைச் சோறு தவறினாலும் அந்தப் பிள்ளை தாங்கும். இன்சுலின் ஊசி தவறினால் தாங்காது.

லாரி ஸ்டிரைக்கில் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு வரவில்லை. இரண்டு ஊரிலும் கேட்டாயிற்று. புருஷன் வேல்சாமி விடியலிலேயே மதுரைக்குப் பஸ் ஏறியிருக்கிறான். கிடைத்தாலும் அவன் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

"வெறும் தண்ணிய ஏத்தி எம்புட்டு நேரம்மா பிடிச்சு வைக்க முடியும்?" என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவளுக்குச் சோலைராஜ் அண்ணாச்சியின் நினைவு வந்தது. "ராஜபாளையத்துல ஒருத்தர் வீட்டுல இருக்கும் சார். அதே மருந்துதான்."

"சீல் உடையாததா, தேதி முடியாததா பாரு. தண்ணி மாதிரித் தெளிவா இருந்தா மட்டும் கொண்டு வா. சீக்கிரம்."

சோலைராஜ் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். சர்க்கரை டாக்டர் வீட்டு பெஞ்சில் ஏற்பட்ட பழக்கம். "ஏட்டி கோமதி, நீயும் நானும் ஒரே ஷிப்டுட்டி. காலையில ஒரு குத்து, சாயங்காலம் ஒரு குத்து. லீவே கிடையாது" என்று பிள்ளையைச் சிரிக்க வைப்பார். பம்பாயில் வேலை பார்க்கும் மகன் வரும்போதெல்லாம் மருந்தை மொத்தமாக வாங்கி வந்துவிடுவான். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஈரமணல் நிரப்பிய பானைக்குள் ஒரு தகர டப்பா, அதற்குள் மருந்துக் குப்பிகள். அவர் பெண்சாதி ஆவுடையம்மாள் மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். இருளம்மாளுக்கும் அவள்தான் அப்படி வைக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

தெரு திரும்பியதும் சங்குச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருளம்மாளின் கால் நின்றுவிட்டது. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று பந்தல்காரர் சொன்னார். அந்த நேரத்தில் அவள் மனசில் வந்த முதல் நினைப்பு, 'இனி அவியளுக்கு மருந்து வேண்டாமே' என்பதுதான். அவளைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். கட்டிலில் பிள்ளையை விட்டு வந்தவள் மனசு வேறெங்கே போகும்? ஆனாலும் அவளுக்கே அந்த நினைப்பு கூசியது.

முற்றத்தில் குடமும் தவலையும் பானையுமாகக் கவிழ்ந்து கிடந்தன. உயிர் பிரிந்த வீட்டில் அதுவரை பிடித்து வைத்த தண்ணீரை வைத்திருக்கக் கூடாது. உறவுக்காரப் பெண்கள் சேர்ந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். கவிழ்ந்த பானைகளில் ஒன்றின் விளிம்பில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

மருந்துப் பானை அதுதான். எங்கே கொட்டினார்கள்? யாரிடம் கேட்பது? மகன் பம்பாயிலிருந்து வந்து பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டுச் சாமான் ஒன்றும் வாசல் தாண்டாது. தலைமாட்டில் இருக்கிறவளிடம் போய், உன் புருஷன் மருந்தைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

உள்ளே போனாள். ஆவுடையம்மாள் கையை நீட்டினாள். இருவரும் தோளைக் கட்டிக்கொண்டார்கள். துட்டி வீட்டில் அப்படிக் கட்டிக்கொண்டு அழுகிற அழுகையில் என்ன சொன்னாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இருளம்மாள் ராகம் இழுத்தாள்.

"பிள்ளை மூச்சு முட்டுதுன்னு பறந்தோடி வந்தேனே அண்ணாச்சி,
பெட்டிக் கடை மருந்துக் கடை காலியாக் கிடக்குதே அண்ணாச்சி,
மணல் பானை நம்பி வந்தேன், மண்ணாகிப் போனீகளே..."

ஆவுடையம்மாளின் உடம்பு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவளும் அதே ராகத்தில் எடுத்தாள்.

"சேத்து வச்ச தண்ணியெல்லாம் வாழையடியில ஊத்தினாக,
சில்லுன்னு இருந்த மணலையும் சேத்துல்லா கொட்டினாக,
கண்ணாடிக் குப்பி உடையலேன்னா என் தாயி,
கைப்பிள்ளைக்கு எடுத்துக்கோயேன்..."

சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

கொல்லையில் வாழைத்தூரில் மணல் குவிந்திருந்தது. டப்பா வாய் திறந்து கிடந்தது. வெயிலில் சிதறிய குப்பிகள் தொட்டால் சுட்டன. ஒன்று மிதிபட்டு நொறுங்கியிருந்தது. இன்னொன்றை ஒளிக்குப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே நூல் நூலாக மிதந்தது. எறிந்துவிட்டு இரு கையாலும் மணலைப் பறித்தாள். அடியில் ஈரம் காயவில்லை. விரலில் குளிர்ச்சியாக ஒன்று தட்டியது. பக்கத்தில் இன்னொன்று. சீல் அப்படியே இருந்தது. தேதியும் முடியவில்லை. உள்ளே ஊற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. ஈரமணலோடு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாசலில் அண்ணாச்சியின் தம்பி சுயம்புலிங்கம் மறித்தார்.

"மடியில என்னம்மா?"

அவள் அவிழ்த்துக் காட்டினாள்.

"துட்டி வீட்டுச் சாமானை எங்க கொண்டுட்டுப் போறே? அதுவும் செத்தவரு மருந்து. அதைப் போயி ஒரு பச்சப்பிள்ளைக்கு ஏத்தவா? வெளங்குமா?"

"இது இல்லன்னா அவ இல்லங்கய்யா."

"நான் ஆகாதுன்னு சொல்லலம்மா. பெரியவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

உள்ளே அழுகை நின்றது. ஆவுடையம்மாள் ராகமில்லாமல், வெறும் குரலில் பேசினாள்.

"தம்பி, அவளை விடுங்க. அது ஒங்க அண்ணன் ஷிப்டு. இனி அந்தப் பிள்ளை பாக்கட்டும்."

சுயம்புலிங்கம் ஒதுங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, பந்தலுக்குக் கீற்று ஏற்றி வந்த ஜீப்காரனைக் கூப்பிட்டார். "ஏலே, இந்த அம்மாவைத் திருவில்லிபுத்தூர்ல விட்டுட்டு வா. நிக்காமப் போ." இருளம்மாள் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் வண்டி ஏறினாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லக் கூடாது.

டாக்டர் குப்பியை ஜன்னலில் பிடித்து உற்றுப் பார்த்தார். ரப்பர் மூடியைத் துடைத்தார். ஊசி போட்டார். துட்டித் தீட்டோடு பிள்ளையைத் தொட மனமில்லாமல் இருளம்மாள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். நர்ஸ் பிள்ளையின் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். செங்கல் நிறம். சர்க்கரை உச்சத்தில் நிற்கிறது. செத்த நேரம் கழித்து மறுபடி காய்ச்சினாள். மறுபடியும் செங்கல் நிறம்தான். டாக்டர் மறு ஊசி போட்டார். மணலில் கிடந்த மருந்து செத்துத்தான் போயிற்றோ என்று இருளம்மாள் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

வெயில் இறங்கிய நேரத்தில் நர்ஸ் குழாயைத் தூக்கிக் காட்டினாள். செம்மை கலைந்து மஞ்சளாகியிருந்தது. கட்டிலில் பிள்ளையின் மூச்சு இரைப்பு குறைந்திருந்தது.

"யம்மா," என்றாள் கோமதி. "எங்க போன?"

"அண்ணாச்சியப் பாக்கத்தான் தாயி."

"என்ன சொன்னாவ?"

இருளம்மாள் ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்து தலையைக் குனிந்து நின்றாள். தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் அவளுக்கு அண்ணாச்சிக்கான அழுகை வந்தது. ராகமில்லாமல், வார்த்தையில்லாமல் அழுதாள்.