தொங்கும் சக்கரத்தைப் பற்றிய ஒரு வரி

1

இந்தக் கதை நான் வெட்டிய ஒரு வரியிலிருந்து பிறந்தது. வேறு யார்மீதும் பழி போட வழியில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் செய்முறைத் தாள்களை மொழிபெயர்த்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று, ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தைக் குறைக்கும் குட்டை ஸ்பிரிங்குகளுக்கானது. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றார்கள். ஒரு வரி மிஞ்சியது: ‘பொருத்தியபின் காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பார்க்கவும், திரும்பினால் ஓட்டக் கூடாது.’ ஏற்கெனவே ஏழு இடங்களில் சரிபார்க்கச் சொல்லியிருந்தது. இது எட்டாவது நச்சரிப்பு என்று நினைத்து எடுத்துவிட்டேன். பக்கம் அழகாக அடங்கியது. யாரும் கேட்கவில்லை.

(அந்த வரி எதற்கென்று பின்னால்தான் விசாரித்தேன். ஸ்பிரிங் குட்டை, அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பரோ பழைய நீளம். கார் தரையில் நிற்கும்வரை எடை ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும். மேட்டில் ஏறி எகிறும்போது சக்கரம் கீழே தொங்கும், டாம்பர் நீளும், குட்டை ஸ்பிரிங்குக்கு அந்த நீளம் எட்டாது. ஒரு கணம் பிடிமானமில்லாமல் நிற்கும். திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரலாம். கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.)

2

கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

‘மழை பெய்துகொண்டிருந்தது.’ பெய்யவில்லை. பட்டறைக்குள் மழைக்கு என்ன வேலை?

‘அவளுக்கு ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும், ஏனென்றால் அவை மனித மனத்தைப் போல’ — வேண்டாம்.

‘அக்கா மெக்கானிக். தம்பி கார்ப் பைத்தியம்.’ இது போதும்.

3

தம்பி வாங்கி வந்த ஸ்பிரிங்குகளை அக்கா காலையிலிருந்து பொருத்தினாள். செய்முறைத் தாளைக் கருவி அலமாரியில் காந்தத்தால் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறியிட்டாள். ஏழு குறிகள். கடைசி போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் நின்றபிறகே முறுக்கினாள். அந்தரத்தில் முறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பிய்ந்துவிடும். வேலையில் அவளிடம் குறை சொல்ல முடியாது.

தம்பி குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்தான். முகமெல்லாம் பல். இன்றைக்கே மலைப்பாதையில் ஒரு சுற்று போய்வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தான். வாசல் சாக்கடை மூடியைத் தாண்டும்போது முன்பக்கம் ‘டொக்’ என்றது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“என்னடா சத்தம் அது?”

“புது ஸ்பிரிங்குதான்க்கா. கொஞ்சம் ஓடினா செட்டாகிடும்.”

அவள் அலமாரிக்குப் போய்த் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

(என் வரியைத்தான் தேடுகிறாள். இந்த இடத்தை எழுதும்போது நான் இரண்டு முறை எழுந்து போய்விட்டேன்.)

4

ஒரு மோசடியை ஒப்புக்கொள்கிறேன். வாசகர் பதற வேண்டுமென்று, அவளுடைய பத்து வயது மகளை மாமாவோடு சவாரிக்கு அனுப்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

நல்ல முடிவு ஒன்று இருக்கிறது. அவள் ஸ்பிரிங்கைத் திருகிப் பார்க்கிறாள்; அது பம்பரமாய்த் திரும்புகிறது. இதற்கேற்ற குட்டை டாம்பர் வரும்வரை வண்டி நகராது என்கிறாள். தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். ஆனால் திருகிப் பார்க்க அவளுக்கு யார் சொன்னது? தாளில் பிடுங்கியதைக் கதையில் தானமாகக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா?

இன்னொன்றையும் எழுதினேன். ‘வளைவுக்கு முன்னிருந்த மேட்டில் கார் எகிறியது. முன் இடது’ — அதற்குமேல் கை ஓடவில்லை.

மூன்றாவதில் ஒன்றுமே நடப்பதில்லை. எத்தனையோ வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆறு வருடங்களாக இந்த மூன்றாவதை நம்பித்தான் சாப்பிடுகிறேன், சிரிக்கிறேன்.

5

சத்தம் மனசை அரித்ததால் அவள் காரை மறுபடி பட்டறையின் தூக்கு லிஃப்டில் ஏற்றிவிட்டாள். நான்கு சக்கரங்களும் தொங்குகின்றன. போல்ட் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தாள். எல்லாம் இறுகித்தான் இருக்கின்றன.

“அதான் எல்லாம் டிக் அடிச்சிட்டியேக்கா. இறக்கு.”

“தாள்ல இருக்கிற எல்லாத்தையும் பார்த்துட்டேன்டா,” என்கிறாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

கார் கீழே இறங்கினால் எடை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும். வாசலில் அந்தச் சிறுமி ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் அழித்தும் அவள் போகவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனால் வெட்டிய வரி இப்போது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. கையைத் துணியில் துடைத்துவிட்டு, லிஃப்டை இறக்கும் பொத்தானில் விரலை வைத்திருக்கிறாள்.

சொல்லிவிடுங்கள்.