பாம்புக்காது

...வெறும் புகைக்குழாய்தானே, உள்ளே ஒரு திருகாணிகூடக் கிடையாது, அப்புறம் எப்படி அதன் வயிற்றில் ஒரு பள்ளம் விழுந்ததும் வண்டிக்கே மூச்சு முட்டுகிறது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, அண்ணனும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான், டூ-ஸ்ட்ரோக் வண்டியில் வெளியே ஓடும் புகை இந்த வயிற்றில் முட்டித் திரும்புமாம், கூடவே நழுவப் பார்க்கும் பெட்ரோலை உள்ளே நெட்டித் தள்ளுமாம், காலிக் குழாய்க்கு எதற்கு இவ்வளவு அக்கறை... போன பந்தயத்தில் மண்மேட்டின் பாதியில் இழுவை போதாமல் வண்டியோடு அவளும் உருண்டு வந்தபோது விழுந்த பள்ளம், வருகிற ஞாயிறும் அதே மேடுதான், இந்தத் தடவையும் ஏறாவிட்டால் அணியில் இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, அவள் சைக்கிள் பம்பால் காற்றடிக்க, அண்ணன் பள்ளத்தின் மேல் தீயைக் காட்டினான், இரும்பு சிவந்து, இன்னும் சிவந்து, டொப்பென்று பள்ளம் வெளியே வந்தது, அவள் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

இனி பின்னால் மாட்டும் சைலன்சர்தான் பாக்கி, கடைக்காரர் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று இரண்டைக் கொடுத்திருக்கிறார், நீளம் ஒன்று, குட்டை ஒன்று, நீளத்தில் சத்தம் கம்மி, மெதுவாகப் போகும்போதும் நல்ல இழுவை, குட்டை வேகம் பிடித்த பிறகுதான் பறக்கும், ஊரையே எழுப்பும்... இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே குட்டைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானே, என்ன வந்தது இவனுக்கு?

"மேட்டுக்கு நீளந்தானேண்ணா நல்லது?"

"அதெல்லாம் ஏறிடும். நீ குட்டையவே மாட்டு."

மாட்டி, உதைத்துக் கிளப்பினாள், குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் டிக் டிக்கென்று கசிந்தது, வளையம் சரியாக உட்காரவில்லை, அவளுக்கே கேட்கிறது, பக்கத்திலேயே நிற்கும் அண்ணன் கட்டைவிரலை உயர்த்தி, "பாத்தியா, சுத்தமா பாடுது" என்கிறான், யாருக்குக் காது குத்துகிறான் என்று சிரிக்கப்போனவள் அவன் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டு இல்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான். பந்தயத்தில் எல்லாரும் பாம்புக்காது என்று கூப்பிடும் ஆள், தெருமுனையில் போகிற வண்டிக்கு இங்கிருந்தே வியாதி சொன்னவன்... எப்போதிலிருந்து? நான் பேசினால் மட்டும் இவருக்குக் காது கேட்காது என்று அண்ணி சொன்னபோது எல்லாரும்தானே சிரித்தோம், அண்ணன்தான் முதலில் சிரித்தான், தெரிந்தே சிரித்தானா?

வண்டியை அணைத்தாள், வளையத்தை மாற்றவேண்டும் என்று சொன்னால் ஏன் என்பான், சொல்லாவிட்டால் வண்டி திணறும், சரி, அதை அவன் சாப்பிடப் போகும்போது மாற்றிவிடலாம், சைலன்சரை என்ன செய்வது... மேட்டின் அந்தப் பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது, அடிவாரத்தில் நின்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பான், போய்க்கொண்டிருக்கிறாளா, விழுந்துவிட்டாளா என்று. நீளத்தை மாட்டினால் நிச்சயம் ஏறிவிடுவாள், ஆனால் ஏறியது அவனுக்கு எப்படித் தெரியும்?