லைசன்ஸ்காரர் உயிரோடிருக்கும்வரை

கொட்டாஞ்சேனையில் சாராயத் தவறணை வைத்திருந்த ஒஸ்வால்ட் சவுந்தரநாயகம் 1983 ஆடியில் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்குக் கொல்லப்பட்டார். சில நாள் கழித்து ஊரடங்கு நீங்கிய காலை, வழக்கம்போலக் கடையைத் திறந்தார். கால் போத்தலின் விலை கூடவில்லை.

செத்தவர் கடை திறந்ததற்குச் சட்டம்தான் காரணம். அந்த வருடத் தொடக்கத்தில் விதியை மாற்றியிருந்தார்கள். தேவாலயத்துக்குக் கிட்ட இனித் தவறணை கிடையாது. ஏற்கெனவே லைசன்ஸ் உள்ளவர் மட்டும் உயிரோடிருக்கும்வரை நடத்தலாம். அவர் கண்ணை மூடினால் கடையையும் மூடவேண்டும், மனைவிக்குக்கூடக் கைமாறாது. ஒஸ்வால்டின் மனைவி, பிள்ளையில்லாத புளோறன்ஸுக்கு, அந்தக் கடையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்தத் திங்கட்கிழமை தமிழர் கடைகளைத் தேடிக் கும்பல் வந்து போத்தல்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. வேலையாள் வரதராசாவை வாசலில் வெட்டியது. ஒஸ்வால்டின் முதுகில் இறைச்சிக் கத்தியைப் பிடிவரைக்கும் செருகிவிட்டுப் போனது. புளோறன்ஸ் புருஷனின் காதருகே குனிந்தார்.

"இப்ப செத்துப்போனீங்களெண்டா நான் தெருவில."

ஒஸ்வால்ட் எழும்பினார். வரதராசாவின் பெயரில் லைசன்ஸ் எதுவும் இல்லை. அவர் செத்தே போனார்.

மார்கழியில் லைசன்ஸ் புதுப்பிக்க வந்த அதிகாரி நமசிவாயம், ஒஸ்வால்டின் கையைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சட்டத்தைப் புரட்டினார். லைசன்ஸ்காரர் நேரில் கையெழுத்திட வேண்டும் என்றிருந்ததே தவிர, உடம்புச் சூடு பற்றி ஒன்றும் இல்லை. கத்தியை எடுத்தால் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்தி, அடுத்த தெருவில் இறைச்சிக்கடை வைத்திருந்த வில்பிரட் என்ற சிங்களவருடையது. ஞாயிறு பூசையில் ஒஸ்வால்டுக்குப் பின் வரிசை வாங்கில் இருப்பவர். ஒருவரையொருவர் அண்ணன், தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுப் பழகியவர்கள். மூன்று மாதம் தலைகாட்டாமல் இருந்தவர், தாகம் தாங்காமல் ஒருநாள் வந்தார்.

"ஒஸ்வால்ட் அய்யே, அந்தக் கத்தி என்ட."

"தெரியும் மல்லி. லைசன்ஸ் முடியட்டும், வந்து எடும்."

வெட்கம்கெட்ட மனிதர், குடித்துவிட்டு இன்னொரு கிளாசும் கேட்டார். ஒஸ்வால்ட் ஊற்றிக் கொடுத்தார்.

சந்தியில் குண்டு வெடித்த வருடம் ஒஸ்வால்டின் இடது கை போனது. வலது கை தப்பியதால் புதுப்பிப்பதில் சிக்கல் வரவில்லை. சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன படையினர் இரண்டு நாள் அடித்தார்கள். அவருக்கு வலிக்காததால் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். கத்தி துருவேறியது. இருபத்தைந்து வருடம் அவர் மல்லாந்து படுக்கவில்லை, கதிரையில் குந்தியபடியே விடியவைத்தார்.

2008 கடைசியில் விதி மறுபடி மாறியது. பழைய லைசன்ஸ்காரர் மனைவியின் பெயருக்கு மாற்றலாம், இருவரும் கையெழுத்திட்டால் போதும். நமசிவாயத்தின் இடத்துக்கு வந்தவர் படிவத்தைத் தந்தார். ஒஸ்வால்ட் அப்போதே கையெழுத்திட்டார். புளோறன்ஸ் அதைத் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். இத்தனை வருடமும் புருஷனைச் சாகவிடாதது கடைக்காக என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பாவம், அது அப்படியில்லை. படிவத்தில் கையெழுத்திடாமல் நாலு மாதம் அழுதார்.

"மல்லாக்கப் படுக்கோணும், புளோறன்ஸ். அவ்வளவுதான் கேக்கிறன்."

மறுநாள் காலை புளோறன்ஸ் கையெழுத்திட்டு, வில்பிரட்டுக்கு ஆளனுப்பினார். கிழவர் வந்தார்.

"உங்கட சாமான எடுங்க."

இரண்டு கையாலும் இழுத்தார். இருபத்தைந்து வருட இரத்தம் சூடாகவே பாய்ந்தது. வில்பிரட்டை முழங்கால்வரை நனைத்து, படியிறங்கி, துறைமுகப் பக்கமாக ஓடியது. கீழ்க்கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளைத் தூக்கி வாங்கில் வைத்தார்கள். புளோறன்ஸ் புருஷனைக் கடை மேசையில் மல்லாக்கக் கிடத்தினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் தன் பெயரில் கடையைத் திறந்தார். முதல் ஆளாக வில்பிரட் வந்து நின்றார். புளோறன்ஸ் தலையாட்டி மறுத்தார். அவருக்கு அங்கே இனி ஒரு சொட்டும் கிடையாது. அப்படி எந்தச் சட்டமும் இல்லைத்தான். ஆனால் லைசன்ஸ் இப்போது புளோறன்ஸுடையது.